ஓடாத வண்டியில் தேய்ந்த மோட்டார்

மெக்கானிக் தம்பிகளே, பழைய காரில் ப்ளோயர் மோட்டாரை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. அது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குக் கைபேசியில் வீடியோ இருக்கிறது. காங்கேயம் ரோட்டில் பட்டறை வைத்துக் கார் ஏசி வேலையும் எலக்ட்ரிக்கல் வேலையும் பார்த்துப் பிழைத்தவன் நான். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக் காலை வெளியே நீட்டிப் படுக்க முதுகு இடம் கொடுக்கவில்லை என்றதும் பட்டறையை விட்டுவிட்டேன். வீடியோவில் இல்லாத ஒன்றைத்தான் எழுத நினைக்கிறேன். கழற்றிய மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று சத்தம் போடும்போது, என்ன யோசிப்பது என்பதை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த காரை ஓட்டி வந்தவர் பெயர் ஜெபராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். திசையன்விளைப் பக்கத்து ஆள். கல்யாணமான புதிதில் புருஷனும் பொண்டாட்டியுமாகத் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கட்டிங் வேஸ்ட் வியாபாரம் தொடங்கியிருந்தார்கள். கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழும் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி, வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து, மறுபடி நூலாக்கும் மில்லுக்கு அனுப்புகிற தொழில். அதற்கு ஒரு தகரக் கூரை குடோன். கார் நிறுத்த வேறு இடமில்லாததால் அந்தக் குடோனுக்குள்ளேயே ஓர் ஓரத்தில் கார்.

காரும் பழசு. முதல் தடவை அவர் வந்தபோது, "காத்தே வரமாட்டேங்குண்ணே. உள்ள எதோ கரகரன்னு சத்தம் மட்டும் கேக்கு" என்றார்.

ப்ளோயரைச் சில பேர் ஹீட்டர் மோட்டார் என்பார்கள். நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போடப் போகிறார்கள்? ஆனால் சூடான காற்றோ குளிர்ந்த காற்றோ, உள்ளே தள்ளுவது அந்த ஒரே மோட்டார்தான். இடது பக்க சீட்டுக்கு முன்னால், டேஷ்போர்டில் சாமான் வைக்கிற சின்னப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கழற்றிப் பார்த்தால் விசிறி முழுக்கப் பஞ்சு. திருப்பூரில் இது அதிசயமில்லை. பனியன் கம்பெனி வாசலில் நிற்கும் எந்தக் காரைத் திறந்தாலும் கொஞ்சம் பஞ்சு இருக்கும். ஆனால் இதில் இருந்தது தலையணைக்குள் அடைத்ததுபோல இருந்தது. மோட்டாரும் போயிருந்தது. அந்த மாடலுக்குப் புதுசு கிடைக்காததால், சரிபார்த்து விற்கிற பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்தேன். காற்று நன்றாக வந்தது. அவரும் சந்தோஷமாகப் போனார்.

சில மாதம் கழித்து அதே கார் அதே கோளாறோடு திரும்பி வந்தது. இந்தத் தடவை ஜெபராஜ் முகம் கடுகடுவென்று இருந்தது. பட்டறையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னண்ணே, பழைய மோட்டார மாட்டி விட்டுட்டு ஏமாத்திட்டிய. ஒரு வருசமாவது ஓட வேண்டாமா?"

"பாக்கறனுங்க தம்பி. கழட்டிப் பாத்துட்டுப் பேசலாமுங்க" என்றேன்.

இந்த மாதிரி நேரத்தில் நமக்குள் இரண்டு குரல் பேசும். ஒன்று, 'கோபமாக இருக்கிறார், வேறு பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள், பேசாமல் இன்னொன்றை மாட்டி அனுப்பிவிடு' என்னும். இன்னொன்று, 'பஞ்சு பறக்கிற இடத்தில் காரை நிறுத்தினால் நான் என்ன செய்வேன் என்று திருப்பிக் கேள்' என்னும். இரண்டுமே நம்மைக் காப்பாற்றிக்கொள்கிற குரல்கள்தான். மோட்டார் ஏன் போனது என்று இரண்டுமே கேட்கவில்லை.

மோட்டாரைப் பிரித்தேன். உள்ளே கரித் துண்டு மாதிரி இரண்டு பிரஷ் இருக்கும். மோட்டார் சுற்றச் சுற்ற அது தேயும். அது கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருந்தது. நாள் முழுக்க ஓடுகிற டாக்ஸியில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. மேலே தட்டினால் சுற்றும், விட்டால் நிற்கும் என்கிற நிலை. பஞ்சு அடைத்து மோட்டார் சூடாகிப் போவது வேறு. இது பல மணி நேரம் ஓடி ஓடித் தேய்ந்தது. அப்புறம் கார் ஓடிய தூரத்தை மீட்டரில் பார்த்தேன். போன தடவை பார்த்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

"வண்டி எங்கெங்கீங்க போகுது?"

"எங்க போவு? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவோம். எப்பவாச்சும் அவிநாசி, பல்லடம். அவ்வளவுதான். ஆனா பெட்ரோல் மட்டும் குடிச்சுத் தீக்கு. எவனோ உறிஞ்சி எடுக்கான். டேங்க் மூடிக்குப் பூட்டே போட்டுட்டேன்."

கார் ஓடவில்லை. ஆனால் ப்ளோயர் ஓடியிருக்கிறது, பெட்ரோலும் தீர்ந்திருக்கிறது. அதாவது இன்ஜினை ஓடவிட்டு யாரோ நின்ற இடத்திலேயே காரைப் பயன்படுத்துகிறார்கள்.

வேலை பார்க்க வசதியாக இடது பக்க சீட்டைத் தள்ளப் போனபோதுதான் கவனித்தேன். சீட் முழுக்கப் பின்னால் சாய்ந்து கிடந்தது. சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் மடித்த சின்னத் துண்டும் நீலகிரித் தைலப் புட்டியும் செருகியிருந்தன.

"இந்த சீட்டுல யாராச்சும் படுக்கறாங்களா தம்பி?"

"யாரு படுக்கா? ரெஜினா சர்ச்சுக்குப் போவும்போது உக்காருவா. கை பட்டுச் சாஞ்சிருக்கும்."

ரெஜினா அவர் மனைவி. முதல் தடவை காரைக் கொண்டு வந்தபோது அவரும் கூட வந்திருந்தார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்ன கேட்பது? ஒருவர் குடும்பத்துக்குள் போகிற கேள்வி அது. நான் பார்த்தது பிரஷையும் சீட்டையும் ஒரு தைலப் புட்டியையும்தான். நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு தப்பாகச் சொல்லிவிட்டால் வீட்டில் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது.

ஆனால் அதை அப்படியே விடவும் முடியவில்லை. ப்ளோயர் பெட்டிக்குள் ஒரு தகடு இருக்கும். காற்றை வெளியிலிருந்து எடுப்பதா, காருக்குள்ளேயே சுற்றவிடுவதா என்று மாற்றுகிற தகடு. அது வெளிக்காற்றுப் பக்கமாகத் திறந்தே இறுகிப்போயிருந்தது. கார் எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக் காற்றைத்தான் அது இழுக்கும், கண்ணாடி எல்லாம் மூடியிருந்தாலும். அதனால் மோட்டாரைத் தற்காலிகமாகச் சேர்த்து வைத்து, "நல்ல மோட்டார் கோயமுத்தூர்லிருந்து வரோணும். வந்ததும் நானே உங்க குடோனுக்கு வந்து மாட்டிக் குடுக்கறனுங்க. நீங்க வண்டியைக் கொண்டார வேண்டாம்" என்றேன். கோபத்தில் இருந்தவர் கொஞ்சம் இறங்கினார். கூலி கேட்கமாட்டேன் என்று நினைத்திருப்பார். கார் நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மோட்டார் வந்த அன்று மத்தியானம் போனேன். தெரு அடங்கியிருந்தது. பிரிக்கிற வேலைக்கு வரும் பெண்கள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஜெபராஜ் சோமனூருக்கு லோடு கொண்டுபோயிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். குடோன் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறக்கி விடப்பட்டிருந்தது. பஞ்சு பறக்கிறது என்று பக்கத்து வீட்டில் சண்டை வருவதால் எப்போதும் அப்படி இறக்கித்தான் வைப்பார்களாம்.

ஷட்டருக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆனால் உள்ளே இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடக் கூடாது என்பது நமக்கெல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்றே தெரிந்துவிடும். புகையில் கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாத விஷவாயு இருக்கிறது. அது தூக்கம் வருவதுபோல வரும். பையை அங்கேயே போட்டுவிட்டு ஷட்டரை இரண்டு கையாலும் மேலே தள்ளினேன். உள்ளே போய்க் காரின் இடது கதவைத் திறந்தால், சாய்ந்த சீட்டில் ரெஜினா படுத்திருந்தார். நெற்றியில் ஈரத்துண்டு. கண் பாதி மூடியிருந்தது. ப்ளோயர் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மிணி" என்று கூப்பிட்டேன். தலையைத் திருப்பினார். ஆனால் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். அவர் கை இரண்டையும் பிடித்து எழுப்பப் பார்த்தேன். கால் நிற்கவில்லை. கூச்சம் பார்க்கிற நேரமில்லை. அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்து வந்து, ஷட்டருக்கு வெளியே கிடந்த வேஸ்ட் மூட்டையில் சாய்த்து உட்கார வைத்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து முகத்துக்குத் தண்ணீர் தெளித்தார்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "மெக்கானிக்கண்ணனா?" என்றார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்கம்மிணி. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"ஒண்ணுமில்லண்ணே. தலவலிதான். அடிக்கடி வரும், போயிரும்." மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நெஞ்சில் ஒரு சீட்டிச் சத்தம். "அவியட்ட மட்டும் சொல்லிராதிய. மோட்டார மாட்டி வச்சுட்டுப் போயிருங்க."

"எத்தன நாளாங்க இப்படி உள்ள படுக்கறீங்க?"

பக்கத்து வீட்டம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும்தான் சொன்னார். பஞ்சில் உட்கார்ந்து பிரிக்கப் பிரிக்க மூச்சு முட்ட ஆரம்பித்திருக்கிறது. டாக்டரிடம் போனால் இந்த வேலை வேண்டாம் என்பார் என்று போகவில்லை. கார் ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பி ஏசி போட மட்டும் தெரியும். எல்லாரும் சாப்பிடப் போகிற நேரத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே படுத்தால் பஞ்சு இல்லாத காற்று கிடைக்கிறது என்று நினைத்திருக்கிறார். மோட்டார் நின்றுவிட்டால் காலால் ஒரு உதை. மறுபடி ஓடும்.

"இது ஒண்ணுதான் எனக்கு மூச்சு விடுத எடம்ணே" என்றார்.

அந்த இடத்துக்குள் மோட்டார் எதை இழுத்து அவர் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். அதை அப்போது சொல்ல மனம் வரவில்லை.

"அவியளுக்குத் தெரிஞ்சா குடோனையே மூடிருவாவ. ஊர்ல இருந்த எடத்த வித்துத்தான் இத ஆரம்பிச்சோம். என்னால கெட்டுதுன்னு ஆயிரக் கூடாது. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

தம்பிகளே, ஒரு பெண் இப்படிக் கேட்கும்போது சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றும். அவர் ரகசியம் அவருடையது. நான் ஒரு மெக்கானிக். ஆனால் நான் சரி என்று சொன்னால், நாளை மத்தியானமும் அதே ஷட்டர் இறங்கும். அதுவும் நான் மாட்டிவிட்டுப் போகிற நல்ல மோட்டார் நிற்காமல் ஓடும். அந்த ஒன்றை நினைத்தபோது எனக்கு முடிவு தெளிவாகிவிட்டது.

"அம்மிணி, இப்ப மோட்டார் மாட்டறதில்லீங்க. மொதல்ல ஆஸ்பத்திரி. நீங்க வரலீன்னா இங்கிருந்தே தம்பிக்கு போன் போடுவேன்."

"நீங்க யாருண்ணே எங்க ஊட்டு விசயத்துல?" என்றார். ஊரில் வீடு என்று சொன்னவர் இத்தனை வருசத்தில் நம்மைப் போல ஊடு என்று சொல்லப் பழகியிருந்தார். கோபத்தில்கூட அது வந்தது. காரின் ப்ளோயர் ஃப்யூஸையும் சாவியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டம்மா, அத்தனை நாள் பஞ்சுக்காகச் சண்டை போட்டவர், குடோனைப் பூட்டிவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டபோது புகையைப் பற்றிச் சொன்னேன். அதைச் சொல்லாமல் மறைக்க முடியாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், "இது இன்னைக்கு வந்த வீசிங் இல்லையே" என்று ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா சுவரைப் பார்த்தார்.

ஜெபராஜுக்குச் செய்தி போய் அவர் வந்துகொண்டிருந்தார். அதற்குள் நான் ரெஜினாவிடம் சொன்னேன்: "தம்பி வந்ததும் நான் வெளிய நின்னுக்கறனுங்க. என்ன சொல்லோணுமோ நீங்களே சொல்லுங்க. உங்க வாயால கேட்டாத்தான் அவருக்கு நல்லாயிருக்கும். நீங்க சொல்லலீன்னா நான் சொல்ல வேண்டி வருமுங்க."

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

ஜெபராஜ் சட்டை முழுக்கப் பஞ்சோடு ஓடி வந்தார். என்னைக் கவனிக்காமல் உள்ளே போனார். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. என் முன்னால் வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

"மோட்டாரப் பிரிச்ச அன்னைக்கே ஒங்களுக்குச் சந்தேகம் வந்துருக்கு. அதான் சீட்டுல யாரு படுக்கான்னு கேட்டிய. அப்பமே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றதுங்க தம்பி? பிரஷ் தேஞ்சிருக்கு, உங்க சம்சாரத்தைப் பாருங்கன்னா?"

"சொல்லிருக்கணும்ணே. நான் கோவப்பட்டாலும் சொல்லிருக்கணும்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பெட்ரோல் எங்க போவுதுன்னு நான் பூட்டு போட்டேன். அவ மூச்சு எங்க போவுதுன்னு பாக்கல" என்றார். அது என்னிடம் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. நான் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் கேட்ட கேள்வியை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். சந்தேகத்தை எப்போது சொல்வது? உறுதியாகத் தெரியும்வரை காத்திருந்தால் அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். உறுதியில்லாமல் சொன்னால் குடும்பத்துக்குள் நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிடலாம். என்னால் முடிந்தது நடுவில் ஒரு வழி. குற்றமாகச் சொல்லாமல், போய்ப் பார்ப்பது. நான் குடோனுக்குப் போனது அதனால்தான். ஆனால் மோட்டார் வரட்டும் என்று காத்திருக்காமல், அன்று மாலையே சும்மா ஒரு நடை போயிருக்கலாம் என்று உங்களில் யாராவது சொன்னால், நான் மறுக்கமாட்டேன். அதை நீங்கள் என்னைவிடச் சீக்கிரம் செய்யுங்கள் என்றுதான் எழுதுகிறேன். ஒரு பொருள் கணக்குக்கு மேல் தேய்ந்திருந்தால், அதைப் பயன்படுத்துகிற ஒரு மனிதர் இருக்கிறார். அவர் ஏன் அவ்வளவு பயன்படுத்துகிறார் என்று கேட்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். பழைய காரில் அதைச் சொல்ல, கோளாறு காட்டுகிற ஸ்கேனர் எதுவும் கிடையாது.

குடோனை அவர்கள் மூடவில்லை. ரெஜினா பயந்தது நடக்கவில்லை. காங்கேயம் போகிற வழியில் நான்கு பக்கமும் திறந்த ஷெட் ஒன்றைப் பிடித்து, பிரிக்கிற வேலையை அங்கே கொண்டுபோனார் ஜெபராஜ். பழைய இடத்தில் மூட்டை அடுக்குவதோடு சரி. வேலைக்கு வருகிற பெண்களுக்கு முகமூடி வந்தது. அவர்களில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே இருமல் இருந்தது என்று அப்புறம்தான் வெளியே வந்ததாம். தொழில் கொஞ்சம் சுருங்கியது என்று கேள்விப்பட்டேன். ரெஜினாவுக்கு மூச்சுத் தொந்தரவு முழுதாகப் போகவில்லை. பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். ஆனால் பஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டார். கம்பெனி கம்பெனியாகப் போய் வேஸ்ட் விலை பேசி வாங்குவது இப்போது அவர் வேலை. வாயால் பேசுகிற வேலையில் கணவரைவிட அவர் கெட்டிக்காரர் என்று மார்க்கெட்டில் சொல்கிறார்கள்.

ஜெபராஜ் என் பட்டறைக்கு அப்புறம் வரவில்லை. ரோட்டில் பார்த்தால் கையை உயர்த்துவார், நிற்க மாட்டார். எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. அவர் மனைவி கால் நிற்காமல் கிடந்ததைப் பார்த்தவன் நான். அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அது நினைவு வரும். நல்லது செய்த இடத்தில் நமக்கு ஒரு வாடிக்கையாளர் குறையலாம். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஆனால் பட்டறையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை நேரத்தில், அந்தக் கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ரெஜினா. கியர் மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"லைசென்ஸ் எடுத்துட்டேன்ணே" என்றார். "அந்த மோட்டார் இன்னும் இருக்கா? இப்பம் மாட்டலாமா?"

"இருக்குதுங்கம்மிணி. உங்குளுக்குன்னே வெச்சிருக்கறனுங்க."

மோட்டாரை மாட்டி, அன்று எடுத்து வைத்திருந்த ஃப்யூஸையும் போட்டு, இறுகியிருந்த தகட்டையும் சரிசெய்து, எந்தப் பக்கம் தள்ளினால் வெளிக்காற்று, எந்தப் பக்கம் உள்காற்று என்று காட்டிக் கொடுத்தேன். மூடின இடத்தில் இன்ஜினை ஓடவிடக் கூடாது என்று மறுபடி சொன்னேன். "இனி மூடின எடத்துல நிக்கவே மாட்டேன்ணே" என்று சிரித்தார். கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டுக் கிளம்பினார்.

அவர் ரோட்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் ஒரு ஸ்கூட்டர் நிற்பதைக் கவனித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஜெபராஜ் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கார் முன்னால் போனதும், லாரிகளுக்கு நடுவே அதற்கு இடம் விட்டு, பின்னாலேயே போனார்.